கடலில் நின்ற டவர்



புயல் ஓய்ந்த மறுநாள் மொட்டை மாடிக்குப் போய், செல்போனை வானத்துக்குக் காட்டி, ஒரு கோடாவது சிக்னல் வராதா என்று தவம் கிடந்திருப்பீர்கள். 'நல்லா இருக்கோம்' என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நடந்ததைப் படித்தபோது அந்த மொட்டை மாடிதான் நினைவுக்கு வந்தது.

2024 ஜனவரி 1, மாலை 4 மணி 10 நிமிடம். புத்தாண்டுக்காக வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வந்திருந்த நேரம். 7.6 அளவில் நிலம் குலுங்கியது. செல்போன் டவர்கள் எல்லாம் அந்த நிமிடமே செத்துவிடவில்லை. கரண்ட் போனதும் பல டவர்கள் பேட்டரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. பேட்டரி தீரத் தீர அடங்கின. முதல் நாள் பேச முடிந்த சில இடங்களில் அடுத்த நாள் பேச முடியவில்லை. டீசல் கொண்டுபோகலாமென்றால் மலை சரிந்து சாலையில் கிடந்தது. டவருக்கு உயிர்நாடியான கண்ணாடி இழை கேபிளும் பல இடங்களில் அறுந்திருந்தது.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே டவரையும் ஜெனரேட்டரையும் ஏற்றிய வண்டிகள் உண்டு. வண்டி போக வழி வேண்டுமே! கடல் வழியாகப் போகலாமென்றால் அதிலும் ஒரு வினோதம்: நிலநடுக்கத்தில் கரையோரம் சில இடங்களில் நான்கு மீட்டர் வரை மேலே எழும்பி, சில துறைமுகங்களில் தண்ணீரே வற்றிவிட்டது. படகு கட்ட இடமில்லை.

ஆனால் சிக்னலுக்குக் கரையேறும் வேலை இல்லையே. கடலுக்கடியில் கேபிள் பதிக்கும் கப்பல் ஒன்றில் செல்போன் நிலையத்தை ஏற்றி, நோட்டோவின் வாஜிமா நகரக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜனவரி 6 முதல் அது கரையை நோக்கி சிக்னலை அனுப்பியது. கரண்ட் கப்பலின் ஜெனரேட்டரிலிருந்து. வெளியுலகத்தோடு தொடர்பு செயற்கைக்கோள் வழியாக. அறுந்த கேபிளும் வேண்டாம், மூடிய சாலையும் வேண்டாம். கப்பலின் பெயர் 'கிசுனா'. மனிதர்களுக்கிடையேயான பிணைப்பைக் குறிக்கும் சொல் அது.

எனக்கு இதைவிடவும் பிடித்துப்போன சங்கதி வேறு. என்டிடி டோகோமோ, கேடிடிஐ என்ற இரண்டு கம்பெனிகளின் நிலையங்களும் அந்த ஒரே கப்பலில் இருந்தன. தொழிலில் நேரெதிர்ப் போட்டியாளர்கள். எதிரெதிர் டீக்கடைக்காரர்கள் ஒரே அடுப்பில் பால் காய்ச்சிய மாதிரி! கேடிடிஐ 2018-இல் ஹொக்காய்டோ நிலநடுக்கத்தின்போதே தன் கேபிள் கப்பலை இப்படி நிறுத்திப் பழகியிருந்தது. பேரிடர் நேரத்தில் கப்பல்களைப் பகிர்ந்துகொள்வது என்று என்டிடியும் கேடிடிஐயும் 2020-இலேயே கைகோத்திருந்தன. வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட ஓடவில்லை.

கப்பலால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சிக்னல் மலையைத் தாண்டாது. கரையோர ஊர்களுக்குத்தான் அது எட்டும். உள்ளே இருந்த ஊர்களுக்குச் சாலை திறக்கத் திறக்க வண்டிகளும், செயற்கைக்கோள் தட்டுகளும், டீசல் கேன்களுமாக ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். அந்த டீசல் கேனைச் சுமந்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

உங்கள் ஊரில் புயலுக்குப் பிறகு சிக்னல் திரும்பியபோது முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள்? ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்