நானூறு ரூபாயும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்





ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ கட்டுகிற ஓர் அம்மாவின் ஆண்டு வருமானம் எவ்வளவு? மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து நாட்களில் அவருக்குக் கை ஓயாது. விடியும் முன்பே உதிரிப்பூ மூட்டைகள் வந்து இறங்கிவிடும். அதே அம்மா ஐப்பசி அடைமழையில் ஈரச் சாக்கை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நடுவில் கால் வீங்கிப் படுத்த இரண்டு வாரம், மகள் பிரசவத்துக்குப் போன ஒரு மாதம் என்று விட்டுப்போன நாட்கள் வேறு.

வருமானச் சான்றிதழ் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். "ஒரு நாளைக்கு எவ்வளவும்மா கிடைக்கும்?" "நல்ல நாள்னா நானூறு வரும் சார்." அந்த 'நல்ல நாள்னா' மட்டும் எழுத்தில் ஏறாது. நானூறை 365-ஆல் பெருக்கினால் 1,46,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆகவே காப்பீட்டு அட்டைக்கு அவர் வசதி படைத்தவர். கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்பு 2,50,000 ரூபாய். அந்த வாசலில் அவர் ஏழை. எழுபது வயதைத் தொட்டுவிட்டால் கேள்வியே இல்லை. அந்த வயதினர் எல்லோருக்கும் 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வருமானம் கேட்பதில்லை. ஒரே ஆள், வீங்கியது அதே கால்.

ஆஸ்திரேலியா இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டது. வருமான வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, இரு வாரத்துக்கு இவ்வளவு என்று கம்ப்யூட்டரே சமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை வாங்கியவர்களிடம் 'கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்றது. 'ரோபோடெட்' என்பது ஊர் அதற்கு வைத்த பெயர். லட்சக்கணக்கானோர் இல்லாத கடனுக்குக் கடனாளி ஆனார்கள். 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. நம் ஊரில் பெருக்கல், அங்கே வகுத்தல். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கூலிக்காரர் வீட்டுக்கும் மாதச் சம்பளக்காரர் வீட்டைப் போல ஒரே சீராகப் பணம் வருகிறது என்பது.

உரிமைத்தொகைக்கே வருவோம். பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தர 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி, ஏற்கப்பட்டவை 1.06 கோடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய 56 லட்சம் பெண்களின் போனில் 'நிராகரிப்பு' என்று குறுஞ்செய்தி வந்தது. முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தவர்கள் 11.85 லட்சம் பேர். அவர்களில் 7.35 லட்சம் பேருக்கு நவம்பரில் தொகை கிடைத்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேல்முறையீட்டுக்குப் போன பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் தகுதி உள்ளவர்கள்! பத்தில் ஆறு விடையைத் தப்பாகத் திருத்திய வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொள்ளாது. அது போகட்டும். முப்பது நாளுக்குள் போகாத மிச்சம் 44 லட்சம் பேர்? அவர்களில் பங்களாக்காரர்கள் இருக்கலாம். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவர், பேரன் கையில் போன் இருந்தவர், 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்கம்மா' என்று நாலு நாள் கேட்டுவிட்டு இன்னொரு நாள் கூலியை இழக்க மனமில்லாமல் நின்றுபோனவர், இவர்களும் அதே கூட்டத்தில்தான். 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மறுபடி மனு வாங்கி, டிசம்பரில் இன்னும் சுமார் 17 லட்சம் பேரைச் சேர்த்து, மொத்தம் 1.30 கோடியைத் தாண்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் 2023-இலேயே தகுதியோடு இருந்து விடுபட்டவருக்கு இடையில் போன இரண்டு வருடப் பணம்? அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

விதிகளில் அடுத்தது நான்கு சக்கரம். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருக்கும் வீட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையம் அருகே வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவரைக் கேட்டால் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர்; வண்டியோ ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. 2025 ஜூலையில் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறியபோது சவாரியும் கூடவே போனது; தவணை மட்டும் போகவில்லை. அவர் மனைவியின் பெயருக்கு நேரே 'சொந்த வாகனம்' என்று இருக்கிறது. அரசு மானியத்தில் வண்டி வாங்கிய குடும்பங்களுக்கு 2025-இல் விதியைத் தளர்த்தினார்கள். மானியம் கிடைக்காமல் வட்டிக்கு வாங்கியவர் அவர்களைவிட வசதியானவர் என்பது எந்த ஊர் நியாயம்?

மின்சாரம் இன்னொரு அளவுகோல்: ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். ஸ்ரீரங்கத்தில் 'ஸ்டோர்' என்றால் மளிகைக் கடை இல்லை என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு வாசல், நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறைக் குடித்தனங்கள், நடுவில் பொதுக் குழாய், அதுதான் ஸ்டோர். வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பும் குடித்தனத்துக்கு ஒரு சப்-மீட்டருமாக இருக்கும் ஸ்டோரில், நாலு குடும்பத்து விளக்கும் ஒரே எண்ணில் எரிகிறது. விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதினால் நாலு ஏழைகள் சேர்ந்து ஒரு பணக்காரர் ஆகிவிடுவார்கள்.

முதியோர் உதவித்தொகை, அதாவது ஓஏபி, இதையெல்லாம்விடப் பழசு. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு இதில் வெறும் 200 ரூபாய், 2007-இலும் அதேதான். பணம் கூடினாலும் விதியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சொல் நகரவே இல்லை: 'ஆதரவற்ற'.

விசாரணைக்கு வந்தவர் கேட்கிறார். "பையன் இருக்கானா பாட்டி?"

"இருக்கான்."

"எங்க?"

"பெங்களூர்ல."

பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. பாட்டி பெரிய பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார், வந்தவர் வெயிலில் வந்திருக்கிறாரே என்று. அந்தச் சொம்பும் வசதிக் கணக்கில் சேர்ந்திருக்குமோ என்னவோ. மகன் அனுப்புகிறானா என்றால் தலையாட்டுகிறார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது வருடம் வாழ்ந்த தெருவில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, 'பெத்த பிள்ளை சோறு போடலை' என்று எந்தத் தாய் சொல்வாள்? சொன்னால் 1,200 ரூபாய். சொல்லாவிட்டால் மானம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குப் பெயர்தான் தகுதி விசாரணை.

சொத்து விதியும் இங்கே விசித்திரம்தான். ரங்கநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அடிமனை யாருடையது என்று கோயிலுக்கும் குடியிருப்போருக்கும் நெடுநாள் தகராறு. பத்திரம் பதிய முடியாமல் தவிப்பவர்கள் பலர். விற்கவும் முடியாத, அடகு வைக்கவும் முடியாத, ஓடு சரிந்த வீட்டில் ஒற்றைப் பங்கோடு இருக்கும் மூதாட்டியும் விசாரிக்க வருபவர் கண்ணுக்குச் 'சொந்த வீட்டுக்காரர்'தான். நிலத்தின் மதிப்பைக் கரைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா?

வடிகட்டவே கூடாது என்பதல்ல வாதம். 1.30 கோடிப் பேருக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 15,600 கோடி ரூபாய். யாருக்கு, எதற்கு என்று கேட்கும் உரிமை வரி கட்டுபவருக்கு உண்டு. ஆனால் இந்த மாநிலம் வேறு மாதிரியும் நடந்து காட்டியிருக்கிறது, அதுவும் இதே மாவட்டத்தில். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளையிடம் அப்பா சம்பளம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1997-இல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே நின்றது. 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ரங்கநாதர் கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. பெருமாளும் கேட்பதில்லை.

கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. ரேஷன், மின்வாரியம், வாகனப் பதிவு எல்லாம் அரசிடமே இருக்கும் பதிவுகள். அவற்றை வைத்து ஒரு பெண்ணை வெளியே தள்ளியது அரசு என்றால், சரியா என்று மறுபடி பார்க்க வேண்டியதும் அரசுதான். இ-சேவை வரிசையில் நிற்க வேண்டியது அவரல்ல. கடன் தீராத வாடகை வண்டியைச் சொத்தாக எண்ணுவதை நிறுத்த வேண்டும். பல குடித்தனம் ஓர் இணைப்பு என்றால் யூனிட்டைக் குடும்ப எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பெருக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமில்லை. மகனைப் பற்றிய விசாரணையைத் தெருவில் வைத்து நடத்தக் கூடாது. திருச்சி மாவட்டத்தில் எந்த வார்டில், எந்த விதியால், எத்தனை பேர் தள்ளப்பட்டார்கள் என்ற கணக்கு, பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டுமாக, அந்தந்த ரேஷன் கடைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பாமாயில் வந்ததா, துவரம் பருப்பு வந்ததா என்று தினமும் சாக்பீஸால் எழுதுகிற அதே பலகையில்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.