பிடிவாதம் காதுச் சொறிக்கா, நமக்கா?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். நேத்து சாயந்திரம் கீழ் வீட்டுப் பையன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தான். உள்ள ஒரு முயல் குட்டி. "அண்ணா, இது காதை ஆட்டிக்கிட்டே இருக்கு. கடைக்காரர் வேப்பெண்ணெய்ல கற்பூரம் கலந்து விடச் சொன்னாரு. சரியாயிடுமா?"ன்னு கேட்டான். அதுல வந்த கடுப்புதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். முயலுக்கு வர்ற காதுச் சொறி "ரொம்பப் பிடிவாதமான வியாதி, போனாலும் திரும்ப வரும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பெரும்பாலும் அது திரும்பி வர்றதில்ல, போகவே இல்ல. நாமதான் வைத்தியத்தைப் பாதியில நிறுத்தியிருப்போம். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

போன வருஷம் அக்கா பொண்ணு அழுது அடம் பிடிச்சதால ரெண்டு முயல் வாங்கினோம். ஜோடி அறுநூறு ரூபாய். சுண்டல், மொச்சைன்னு பேர் வெச்சது அவதான். வந்த ரெண்டாவது வாரமே சுண்டல் பின்னங்காலால காதைப் பரட்டு பரட்டுன்னு சொறிய ஆரம்பிச்சான். டார்ச் அடிச்சுப் பார்த்தா காதுக்குள்ள பழுப்பு நிறத்துல பொருக்கு. காஞ்ச அப்பளத்தை நொறுக்கி அடுக்கி வெச்ச மாதிரி. வாடை வேற.

காரணம் ஒரு சிற்றுண்ணி. நாய் மேல பார்க்கிற பெரிய உண்ணி இல்ல. இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சோரோப்டஸ் குனிகுலைன்னு பேர். தோலுக்குள்ள துளை போட்டுப் போகாது. மேலயே குடித்தனம் நடத்தி, தோலைக் குத்திக் கசியறதைத் தின்னும். கசிவு, செத்த தோல், உண்ணியோட கழிவு எல்லாம் சேர்ந்து காய்ஞ்சதுதான் நாம பார்க்கிற பொருக்கு. முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை போடற வரைக்கும் சுமார் மூணு வாரம். இந்த மூணு வாரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. என் மொத்தக் கோபமும் இதுக்குள்ளதான் இருக்கு.

கடைக்காரர்கிட்ட போனேன். "இதெல்லாம் சாதாரணம் தம்பி, வேப்பெண்ணெய் விடுங்க"ன்னார். விட்டேன். எண்ணெயைப் பத்தி நியாயமாப் பேசணும்னா, அது சுத்தமா வீண் இல்ல. பொருக்கு இளகும். எண்ணெய் மூடின இடத்துல இருக்கிற உண்ணி மூச்சு முட்டிச் சாகவும் செய்யும். ஆனா முயலோட காதுக் குழாய் ஆழமானது. அடுக்கடுக்காப் பொருக்கு அடைச்சிருக்கும்போது நாம விடற நாலு சொட்டு எவ்வளவு தூரம் போகும்? உண்ணியும் காதோட நிக்காது. தலை, கழுத்து, முத்தினா வயிறு வரைக்கும் போகும். இதுல கற்பூரம் எதுக்கு? ஏற்கெனவே ரணமா இருக்கிற தோல்ல அதைத் தடவறது வைத்தியமே இல்ல.

அடுத்து நான் பண்ணின தப்பு, எழுதவே வெட்கமா இருக்கு. பொருக்கைப் பஞ்சு வெச்சுப் பிச்சு எடுத்தேன். அடியில பச்சை ரணம். சுண்டல் சத்தம் போடல. முயல் வலியைச் சுலபத்துல காட்டாது. பிற மிருகம் வேட்டையாடித் தின்கிற ஜீவன், நோவைக் காட்டினா பிழைக்க முடியாது. அது சும்மா இருந்ததால வலிக்கலன்னு நினைச்சேன். அந்தப் பொருக்கை யாரும் பிய்க்கவே வேண்டாம். உண்ணி செத்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானே உதிரும்.

அப்புறம்தான் டாக்டர். நான் முதல்ல போன இடத்துல ஐவர்மெக்டின் ஊசி ஒண்ணு போட்டாங்க. நல்ல மருந்துதான், சந்தேகமே இல்ல. ஜப்பான் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதுக்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015ல நோபல் பரிசே கொடுத்தாங்க. பத்து நாள்ல சுண்டலோட காதுல பொருக்கு மொத்தமா உதிர்ந்து, உள்ள ரோஸ் கலர்ல தோல் தெரிஞ்சுது. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். நான் அன்னிக்குச் சிக்கன் பிரியாணி வாங்கினேன், ட்ரீட்டாம்!

இங்கதான் மக்களே கோட்டை விட்டோம். அந்த ஊசி ஊர்ந்து திரியற உண்ணியைக் கொல்லும். முட்டையைக் கொல்லாது. முட்டை கொஞ்ச நாள்ல பொரியும். அதுக்குள்ள உடம்புல மருந்தோட வீரியம் இறங்கியிருக்கும். அதனாலதான் 10 முதல் 14 நாள் இடைவெளியில ரெண்டு மூணு தடவை போடணும்னு வெச்சிருக்காங்க. பொரிஞ்சு வர்றது வளர்ந்து முட்டை போடறதுக்குள்ள அடுத்த ஊசி விழணும். கணக்கு அவ்வளவுதான். இந்தக் கணக்கை அன்னிக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சீட்டுல அடுத்த தேதி இல்ல. நானும் கேட்கல.

பொட்டி தட்டற நமக்கு இது புதுசா? பக்கை சரி பண்ணின மாதிரி காட்டி, டிக்கெட்டை மூடிட்டு, டேமேஜர்கிட்ட நல்ல பேர் வாங்கறோம் இல்லையா. அடுத்த ரிலீஸ்ல அதே பக் வந்து நிக்கும். அப்ப "இது பிடிவாதமான பக் சார்"னு சொன்னா விடுவாரா? முயல் விஷயத்துல மட்டும் அந்தச் சால்ஜாப்பை நாமளும் சொல்றோம், டாக்டரும் சொல்றார், கடைக்காரரும் சொல்றார்.

ஒரு மாசம் கழிச்சு சுண்டலுக்குத் திரும்பவும் பொருக்கு. இந்தத் தடவை மொச்சைக்கும். அது ரெண்டாவது பாடம். சொறி தெரியற முயலுக்கு மட்டும் மருந்து போட்டா போதாது. கூட இருக்கிற எல்லாத்துக்கும் போடணும், காது சுத்தமாத் தெரிஞ்சாலும் சரி. மூணாவது பாடம் கூண்டு. இந்த உண்ணி முயல் மேல இல்லாமலேயே கூண்டு இடுக்குல வாரக்கணக்குல உயிரோட இருக்கும். சீதோஷ்ணம் ஒத்துவந்தா மூணு வாரம்கூட. உதிர்ந்த பொருக்கெல்லாம் கூண்டுக்கடியிலேயே கிடந்தா, நாம ஊசி போட்டு என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்துல நண்பர் ஒருத்தர் யோசனை சொன்னார். "எதுக்குடா டாக்டருக்குத் தண்டம் அழற? மாட்டுக்குப் போடற அதே மருந்து கடையில கிடைக்கும். அரை எம்எல் போடு." நல்லவேளை, போடறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டேன். முயலுக்குக் கொடுக்கற அளவு கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். சுண்டல் 1.8 கிலோ. அதிகபட்சம் 0.72 மில்லிகிராம். அந்த ஒரு சதவீத ஊசி மருந்துல ஒரு எம்எல்லுக்கு 10 மில்லிகிராம் இருக்கு. அரை எம்எல்னா 5 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஏழு மடங்கு! சுண்டலுக்குத் தேவை ஒரு எம்எல்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அவ்வளவு சின்ன அளவைச் சரியா எடுத்துப் போட நமக்கு வருமா?

இன்னொருத்தர் நாய்க்குக் கழுத்துல விடற உண்ணி மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா ஃபிப்ரோனில். அது முயலுக்கு விஷம். வலிப்பு வந்து சாகும். தயவுசெஞ்சு யாரும் அதைத் தொடாதீங்க.

கடைசியா வேற ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். ரெண்டு முயலுக்கும் மூணு ஊசி, பதினாலு நாளைக்கு ஒண்ணு. தேதியை அவங்களே சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. ஒவ்வொரு ஊசி அன்னிக்கும் கூண்டுல இருந்த வைக்கோலை எரிச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காய வெச்சோம். உண்ணி ஒழிஞ்சுது. இன்னி வரைக்கும் வரல.

ஆனா சுண்டலோட காதுல அதுக்குள்ள சீழ் பிடிச்சு உள்காது வரைக்கும் போயிடுச்சு. தலை இடது பக்கமா சாய்ஞ்சுது. முயலுக்குத் தலை சாயறதுக்கு வேற வியாதியும் காரணமா இருக்கலாம். இவனுக்குக் காதுதான்னு டாக்டரம்மா பார்த்துச் சொன்னாங்க. அதுக்குத் தனியா மருந்து கொடுத்தும் முழுசா நிமிரல. இப்பவும் நாங்க கீரை நீட்டினா ஒரு சுத்து சுத்தித்தான் வந்து வாங்குவான். அக்கா பொண்ணு "சுண்டல் ஏன் எப்பவும் யோசிச்சுக்கிட்டே இருக்கான் மாமா?"ன்னு கேட்டா. என்ன பதில் சொல்ல?

"முந்நூறு ரூபாய் முயலுக்கு ஆயிரம் ரூபாய் வைத்தியமா?"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய், சொட்டு மருந்து, ஒத்தை ஊசி, ஆட்டோ சத்தம்னு அரைகுறை வைத்தியத்துக்கு நான் அழுதது, அந்த மூணு ஊசிக்கு ஆனதைவிட அதிகம். காசுக் கணக்குப் பார்த்தாலும் முழுசாப் பண்றதுதான் மிச்சம். அப்புறம், விலை குறைச்சலா இருந்தா வலி குறைச்சலா இருக்குமா என்ன?

"குழந்தைக்கு ஒட்டிக்கும், எங்கயாவது விட்டுட்டு வாடா"ன்னு அம்மாவே சொன்னாங்க. காதுல வர்ற இந்த உண்ணி மனுஷன் மேல வாழாது. உடம்புச் சொறிக்குக் காரணமான வேற உண்ணி ஒண்ணு இருக்கு, அதுதான் நமக்கும் அரிப்பு கொடுக்கும். எது எதுன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கூண்டுல வளர்ந்த முயலை வெளியில விட்டா ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

டாக்டர்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான். சீட்டுல அடுத்த தேதியை எழுதுங்க. கடைக்காரங்க விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காதைப் பாருங்க. வாங்கறவங்க டார்ச் எடுத்துட்டுப் போங்க. பொருக்கு உதிர்ந்தா பாதி வழிதான் வந்திருக்கீங்க.

கீழ் வீட்டுப் பையனை இன்னிக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். முதல் ஊசி ஆச்சு. அடுத்த ரெண்டு தேதியையும் அவன் வீட்டுக் காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டுட்டு வந்திருக்கேன். அவங்க அம்மா "இவ்வளவு நாளா?"ன்னாங்க. ஆமாங்க, இவ்வளவு நாள்தான்.

டிஸ்கி: மேல போட்ட கணக்கு, அரை எம்எல் எவ்வளவு ஆபத்துன்னு காட்டறதுக்குத்தான். அதை வெச்சு யாரும் வீட்ல ஊசியைத் தூக்காதீங்க சாமிகளா :-)