பட்டன் வேண்டாம், உயரம் வேண்டும்

மாலை ஐந்து மணிக்குத் தஞ்சோங் பகார் பிளாசா கார் நிறுத்துமிடத்தில் என் அப்பாவின் வேலை முடியும். பகல் நேர டாக்சி அவருடையது. இரவு ஓட்டும் சீன அங்கிள், அப்பாவைவிட ஒரு தலை உயரம். சாவி கைமாறியதும் அங்கிள் செய்யும் முதல் காரியம், இருக்கைக்கு அடியில் கைவிட்டுக் கம்பியைத் தூக்கி, காலால் தரையை உந்தி, இருக்கையைச் சரக்கென்று பின்னால் தள்ளுவதுதான். அடுத்து பக்கவாட்டு லிவரை இழுத்து முதுகைச் சாய்த்துக்கொள்வார். பிறகு கண்ணாடிகள். எல்லாம் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். விடியற்காலையில் அப்பா ஏறும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும்.

இதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, கார் இருக்கையை நகர்த்த மோட்டார் எதற்கு என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அண்மையில் மாமா கார் வாங்கப் போனபோது நானும் அம்மாவும் உடன் சென்றோம். ஒரே கார், இரண்டு ரகம். விலை குறைந்ததில் லிவர், கூடியதில் மின்சார இருக்கை. விற்பனையாளர் பட்டனை அழுத்த, இருக்கை மெல்ல முனகிக்கொண்டு முன்னே வந்தது. “எட்டு வழி, சார்” என்றார். மாமா மயங்கிவிட்டார். “சிஓஇக்கே 100,000 வெள்ளிக்கு மேல கொடுக்கிறோம், இன்னும் சில ஆயிரத்துக்கா யோசிக்கிறது?” என்பது அவர் வாதம். சிங்கப்பூரில் கார் வாங்கும் பலரும் இப்படித்தான் வழுக்கி விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். பெரிய விலைக்குப் பக்கத்தில் எந்தச் செலவும் சின்னதாகவே தெரியும்.

அந்த ‘எட்டு வழி’யைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எட்டு என்றால் எட்டு வசதிகள் அல்ல. முன்-பின், மேல்-கீழ், முதுகுச் சாய்வு, உட்காரும் பலகையின் சாய்வு என நான்கு அசைவுகள்தாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, ஆக எட்டு. நல்ல லிவர் இருக்கையில் இவற்றில் முதல் மூன்றும் இருக்கும். அதை ‘ஆறு வழி’ என்பார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் உடம்புக்குக் கிடைப்பது ஓர் அசைவு. மற்றதெல்லாம் கையால் செய்வதை மோட்டார் செய்வதுதான்.

இது புதிய ஆடம்பரமும் அல்ல. இருக்கையின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியை அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 1957லேயே ‘எல்டோராடோ புரோகம்’ காரில் கொடுத்துவிட்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியும் அது பெரும்பாலும் விலை உயர்ந்த ரகங்களில்தான் வருகிறது. அந்த வசதியால் உண்மையில் யாருக்குப் பயன்? ஒரே டாக்சியை இரண்டு பேர் ஓட்டும் என் அப்பாவுக்கும் அங்கிளுக்கும்தான். ஒருவர் மட்டுமே ஓட்டும் காருக்கு நினைவாற்றல் எதற்கு?

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கும். ஆனா மோட்டார் கெட்டுப்போயி, சீட்டு அங்கிள் உயரத்துலயே நின்னுச்சுன்னா, அன்னைக்கு நான் எப்படி ஓட்டுறது? வாடகைய யாரு கட்டுறது?” என்றார். கம்பியும் பற்சக்கரமும் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. பேட்டரி தீர்ந்தாலும் அவை நகரும்.

மின்சார இருக்கையை நான் முழுதாக ஒதுக்கவில்லை. லிவரை விட்டால் இருக்கை பல் பல்லாகத்தான் போய் நிற்கும். நமக்கு வேண்டிய இடம் இரண்டு பல்லுக்கு நடுவே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் நாம் விரலை எடுக்கும் இடத்தில் நிற்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் ஒரு பக்கம் கை பலவீனமானவர்களுக்கும் குனிந்து கம்பியை இழுப்பது பெரிய வேதனை. அவர்களுக்குப் பட்டன் ஆடம்பரமே அல்ல. மோட்டார் பழுதாகும் என்ற வாதமும் இந்தியாவில் எடுபடும் அளவுக்கு இங்கே எடுபடாது. பத்து ஆண்டுகளில் சிஓஇ முடிந்ததும் நம்மில் பலர் காரையே கொடுத்துவிடுகிறோம்.

என் சண்டை பட்டனோடு இல்லை, அது எதனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதோடுதான். இருக்கையை உயர்த்தும் வசதியும் இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் வசதியும் பல கார்களின் அடிப்படை ரகத்தில் இருப்பதில்லை. மேல் ரகத்தில் தோலுறை, மோட்டார் ஆகியவற்றோடு ஒரே பொட்டலமாக வருகின்றன. உயரம் வேண்டுமென்றால் தோலையும் வாங்க வேண்டும்.

உயரம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதற்குக் காரணம் அம்மா. அவர் உயரம் 150 சென்டிமீட்டர். திருமணத்துக்கு முன்பே ஓட்டுநர் உரிமம் எடுத்தவர். ஆனால், நான் தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே ஓட்டுவதை விட்டுவிட்டார். பயம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் உரிமம் எடுத்த பிறகு, சென்ற ஆண்டு ஒருநாள் அவரே சொன்னார்: “பயமெல்லாம் இல்லம்மா. பானெட்டுக்கு முன்னாடி என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. தலையணை போட்டா வழுக்குது.”

தலையணை வழுக்குவது சின்ன விஷயம் இல்லை. விபத்தில் உடல் தலையணையோடு முன்னே சறுக்கினால், இடுப்பெலும்பின் மீது இருக்க வேண்டிய பாதுகாப்பு வார் வயிற்றுக்கு ஏறிவிடும். தலையணை இல்லையென்றால் குட்டையானவர்கள் செய்வது, பெடலை எட்டுவதற்கும் சாலையைப் பார்ப்பதற்கும் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருவது. அதுவும் ஆபத்து. காற்றுப்பை விரியும் வேகத்துக்கு நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. இருக்கை உயர்ந்தால் சாலை தெரியும், முன்னே நெருங்கி உட்காரும் தேவையும் குறையும்.

விபத்துச் சோதனைகளில் நெடுங்காலம் முதன்மையாக இருந்த பொம்மை, சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆண். அம்மாவின் உயரத்தில் ஒரு பொம்மையும் உண்டு. ‘சிறிய உடலமைப்புள்ள பெண்’ என்று அதற்குப் பெயர். நம் வீடுகளில் அத்தைகளும் பாட்டிகளும் பெரும்பாலும் அந்த உயரம்தானே. நமக்கு அவர்கள் ‘சிறியவர்கள்’ இல்லை, சாதாரணமானவர்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு அம்மாவின் பெயரில் ஒரு பகிர்வு கார் சேவையில் பதிவு செய்தோம். அந்தச் செயலியில் காரின் ரகம், நிறம், எத்தனை பேர் உட்காரலாம் எல்லாம் இருந்தன. ஓட்டுநர் இருக்கை உயருமா என்பது மட்டும் இல்லை. ஒரே இருக்கையில் நாளுக்கு நாலைந்து அந்நியர்கள் மாறி மாறி உட்காரும் சேவைக்கு இதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்க முடியும்? ஒரு வரி சேர்த்தால் போதுமே. முதலில் முன்பதிவு செய்த காரில் உயர்த்தும் வசதி இல்லை, ரத்து செய்தோம். இரண்டாவது காரில் இருக்கையின் பக்கத்தில் ஒரு சாதாரண லிவர் இருந்தது. மேலே இழுத்து இழுத்து விட்டால் சைக்கிள் பம்ப் மாதிரி இருக்கை படிப்படியாக ஏறும். மோட்டாரும் இல்லை, தோலுறையும் இல்லை.

அம்மா ஆறு முறை இழுத்தார். முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டீயரிங் மேல் வைத்துப் பார்த்தார். ஓட்டுநர் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதேதான். பிறகு, “ஏய், பானெட்டு தெரியுதுடி!” என்றார்.

தஞ்சோங் பகாரிலிருந்து தேக்கா வரை அவர்தான் ஓட்டினார். மீன் வாங்கித் திரும்பி வந்து காரை விடும்போது, அடுத்து வருபவருக்காக நான் இருக்கையை இறக்கப் போனேன். “விடு, அடுத்து வர்றவங்க என்னை மாதிரி இருந்தா?” என்று தடுத்தார். அம்மா போன பிறகு இறக்கித்தான் வைத்தேன். அடுத்து வருபவர் அந்தச் சீன அங்கிள் உயரத்தில் இருந்தால் கூரையில் தலை இடிக்குமே!