கோடு விழுந்தால் அழகாம்!

நாம் பரணில் தூக்கிப் போட்ட வீடியோ கேசட்டுக்கு வெளியே மாலை மரியாதை நடக்கிறது. கேள்விப்பட்டீர்களா?

2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒரு கலைஞர் குழு 'வீடியோ கடை' திறந்தது. 'எவ்ரிதிங் இஸ் டெரிபிள்' என்பது குழுவின் பெயர். கடை முழுக்கச் சுமார் 14,000 வி.ஹெச்.எஸ். கேசட்டுகள். அத்தனையும் ஒரே படம்! டாம் குரூஸ் நடித்த 'ஜெர்ரி மக்வயர்'. விற்பதற்கு அல்ல, வேடிக்கை பார்ப்பதற்கு. இந்தக் கேசட்டுகளை வைத்துப் பாலைவனத்தில் ஒரு பிரமிடு கட்டுவதுதான் லட்சியம் என்றும் அறிவித்தார்கள்.

இசைக்காரர்களும் சும்மா இல்லை. 2010-ஐ ஒட்டி 'வேப்பர்வேவ்' என்றொரு இசை வகை கிளம்பியது. எண்பதுகளின் பாட்டை எடுத்து, வேகத்தைக் குறைத்து, தேய்ந்துபோன கேசட் ஓடுகிற மாதிரி இழுப்பார்கள். கூட ஓடும் படத்தில் கோடு, புள்ளி, சாயம் போன கலர். 2024 கடைசியில் 'ஏலியன்: ராமுலஸ்' படத்தை ஹாலிவுட் கம்பெனியே வி.ஹெச்.எஸ். கேசட்டாகப் போட்டு விற்றது. வாங்கியவர் வீட்டில் அதை ஓட்ட டெக் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கக்கூடாது. அலமாரியில் அழகாக இருக்குமே, போதாதா?

நம்ம ஊருக்கும் வந்தாச்சு. செல்போனில் எடுத்த பளிங்கு மாதிரி வீடியோவை ஓர் 'ஆப்' வைத்துக் கெடுத்து, குறுக்கே நாலு கோடு ஓடவிட்டு, மூலையில் 1987 என்று தேதி போட்டால் அது 'ரெட்ரோ'. எடுத்தவர் பிறந்ததே 2001-ல்!

இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இளையாத்தங்குடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அமெரிக்கா எங்கே, திருப்பத்தூர் பக்கத்து இளையாத்தங்குடி எங்கே என்கிறீர்களா? சொல்கிறேன்.

நகரத்தார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் முதலில் வைத்துச் சொல்லப்படுவது இளையாத்தங்குடி. ஏழு பிரிவுகளுக்கு அதுதான் தாய்க் கோயில். அந்தச் சமூகத்தில் கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. 'இசைகுடிமானம்' என்று கல்யாண ஒப்பந்தம் ஒன்றும் எழுத்தில் வந்துவிடும். சீர், சாமான், மொய் எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு. நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பரீட்சைக்காகப் படித்த எனக்கு, கணக்காகவே வாழ்ந்த இந்த மனிதர்கள்மேல் எப்போதும் ஒரு மரியாதை.

ஆனால் பாருங்கள்... கல்யாணத்தைக் கணக்கில் ஏற்றத் தெரிந்த வீடுகளில்கூட, அந்தக் கல்யாணத்தின் வீடியோ கேசட் எந்தக் கணக்கிலும் கிடையாது. பரண்மேல் கிடக்கிறது. செட்டிநாட்டில் மட்டும் என்றில்லை, உங்கள் வீட்டிலும்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் வி.ஹெச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு நமக்குக் கலர் டி.வி. வந்தது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் டெக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் டி.வி.யும் டெக்கும் மூன்று பட கேசட்டும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தது. தொலைதூர பஸ்ஸெல்லாம் 'வீடியோ கோச்' ஆனது. தியேட்டர்காரர்கள் அலறினார்கள். வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த வேகத்தில்தான் கல்யாண வீட்டுக்குள்ளும் வீடியோக்காரர் நுழைந்தார். தோளில் பீரங்கி மாதிரி கேமரா. பின்னாலேயே வயரும் லைட்டுமாக ஒரு பையன். அந்த வெளிச்சத்தில் கண்கூசிக்கொண்டு பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொள்வார். ஐயா, "என்னைய எதுக்கப்பா எடுக்குறே, மாப்பிள்ளையை எடு" என்பார். வளவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கவனியுங்கள். அந்த ஐயா இன்று போட்டோவில் இருப்பார், முகப்பில் சந்தனப் பொட்டோடு மாட்டியிருப்பார்கள். முகம் இருக்கிறது. அவர் நடந்த நடை, பேசிய குரல், சிரித்தால் தோள் குலுங்குகிற அழகு? அது அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. பல குடும்பங்களில் ஒரே ஒரு கேசட்டில்!

அந்தக் கேசட் என்ன நிலைமையில் இருக்கிறது தெரியுமா?

மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் கால் கிலோமீட்டருக்கு மேல் நாடா சுற்றியிருக்கிறது. அரை அங்குல அகலம். பிளாஸ்டிக் நாடாமேல் காந்தத் துகளைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும், துகள் உதிரும். துகள் உதிர்ந்த இடத்தில் படம் கிடையாது. திரையில் நீங்கள் பார்க்கிற அந்தக் கோடும் புள்ளியும் என்னவென்று நினைத்தீர்கள்? அப்பத்தாவின் முகம் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டைத்தான் அழகு என்று போனில் செயற்கையாகப் போட்டுக்கொள்கிறோம். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்த்து, "கன்னம் எவ்வளவு சிவப்பா இருக்கு" என்று ரசிக்கிற மாதிரி!

"ஏன் சார், எல்.பி. ரெக்கார்டு திரும்பி வரலையா? அதுமாதிரி இதுவும் வரட்டுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். எல்.பி. ரெக்கார்டு வந்தது உண்மை. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யைவிட எல்.பி. அதிகம் விற்றது. ரசிகர்கள் கொண்டாடியதால் தொழிற்சாலை மறுபடி ஓடியது. ஆனால் எல்.பி.க்குத் தேவை சுழல்கிற தட்டும் ஓர் ஊசியும். டெக் அப்படியா? உள்ளே சாய்வாக ஓர் உருளை, நம்ம ஊர் முறையில் நிமிஷத்துக்கு 1,500 சுற்று, அதில் பொடிசாக 'ஹெட்'டுகள், நாடாவை இழுத்து அதன்மேல் சுற்றிவிட ஒரு பட்டாளம் பல்சக்கரம். இதைப் பட்டறையில் தட்டி எடுக்க முடியாது. கடைசிவரை டெக் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்தக் கம்பெனியே 2024-ல் திவாலானது. எத்தனை கண்காட்சி வைத்தாலும் புது டெக் வரப்போவதில்லை. இருக்கிற டெக்குகளும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2017-லேயே சொன்னது: 2025-க்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் போனதுதான். யுனெஸ்கோவும் 2019-ல் இதே மணியை அடித்தது. அவர்கள் குறித்த 2025 வந்தும்விட்டது. நாம் பரண் பக்கம் திரும்பவில்லை.

கலைஞர்கள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், அவர்கள் வேலை காப்பகம் நடத்துவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேசட்டை வைத்து நிஜமாகவே கலை செய்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். மகாராஷ்டிராவின் மாலேகாவ்ன் ஊரில், விசைத்தறிகளுக்கு நடுவே நாசிர் ஷேக் என்பவர் 2000-ல் 'ஷோலே'யைக் கேலி செய்து உள்ளூர் ஆட்களை வைத்துப் படம் எடுத்தார். வீடியோ கேமராவில் படம்பிடித்து, வீடியோ டெக்கை வைத்தே எடிட்டிங். அந்த ஊர் சினிமாக்காரர்களைப் பற்றி ஃபைசா அகமது கான் டாகுமெண்டரி எடுத்தார். 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்ன்' என்று 2024-ல் இந்திப் படமே வந்தது. நாசிருக்கு வி.ஹெச்.எஸ். ரெட்ரோ கிடையாது. கைக்கு எட்டிய ஒரே கருவி. அதில் கோடு விழாமல் எடுக்கத்தான் அவர் பாடுபட்டார்.

நம்ம ஊர்க் கல்யாண வீடியோக்காரரும் அதே ஜாதிக் கலைஞர்தான். பொண்ணு மாப்பிள்ளையை ரோஜாப்பூவுக்குள் வைத்தது, தாஜ்மகால் முன்னால் நிறுத்தியது, தாலி கட்டும்போது சரியான இளையராஜா பாட்டைப் போட்டது எல்லாம் அவர்தான். இன்று அந்த 'ஸ்டைலை' எடுத்துக் கொண்டாடுகிறவர்கள் அவர் பெயரைக் கேட்டதுண்டா?

இதே காரியம் செட்டிநாட்டுக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், சித்திரக் கதவு, எனாமல் பாத்திரம். வாங்கிப்போனவர்கள் தங்கள் ஹாலில் வைத்து அழகு பார்க்கிறார்கள். அந்தக் கதவைத் திறந்து யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது கதவோடு போகவில்லை. இப்போது கேசட் முறை.

அதே காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஒரு மனிதர் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார். தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. அவரும் கலைஞர்தான். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் சேர்த்தார். பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-ல் அவர் போனபோது சேர்ந்திருந்தது ஏறக்குறைய ஒரு லட்சம் பொருட்கள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் உருவானது. பழுப்பேறிய தாளின் நிறத்தை ரசித்ததோடு அவர் நின்றிருந்தால் இன்று நம்மிடம் என்ன இருக்கும்?

எனவே கலைஞர்களே, தாராளமாகக் கொண்டாடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கேசட்டைச் சிற்பமாக்கும் முன்னால் அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கண்காட்சிக்குக் கொண்டுவந்த டெக்கில் பகலில் உங்கள் கலை ஓடட்டும், மற்ற நேரத்தில் ஊர்க்காரர்களின் கேசட் ஓடிப் பதிவாகட்டும். அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில்தானே இருக்கிறது? நகரத்தார் சங்கங்கள் ஊர் ஊருக்கு இருக்கின்றனவே? ஓடுகிற டெக் இரண்டு, ஒரு கம்ப்யூட்டர், ரிப்பேர் தெரிந்த ஒரு பெரியவர் போதும். கோயில் திருப்பணிக்குக் கொடுக்கிற கைகளுக்கு இது சில்லறை.

வாசகர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், ஹெட்டும் போகும், நாடாவும் போகும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் பின்பக்கம் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறி மேலே எதுவும் பதிவாகாது. இன்னும் காப்பி எடுத்துத் தருகிற வீடியோக் கடைகள் இருக்கின்றன, தேடிப் பிடியுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். "இது யாரு, அது யாரு?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத முகம் பாதி அழிந்த முகம்.

காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மிஷினின் மதிப்பைக் குறைத்து எழுதவேண்டும். கேசட்டுக்கும் அந்தக் கணக்கு சரி. உள்ளே பேசிக்கொண்டிருக்கிற ஐயாவுக்குத் தலைகீழ். வருஷா வருஷம் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். கேசட்டின் மதிப்பு பூஜ்யமாகிற அன்றைக்கு, அவரும் கூடவே போய்விடுவார்.

டெக் கிடைக்கும்போதே ஓட்டிவிடுங்கள்.