ஆட்டம் காணச் செல்வோர்க்கு ஒரு விண்ணப்பம்

கல்லூரிகளுக்கிடையே நிகழும் உதைபந்தாட்டப் போட்டி ஊர் கூடும் விழாவாகும். பழைய மாணவர் தம் மக்களை அழைத்து வருவர். ஆசிரியர் தம் பழைய மாணாக்கரைக் கண்டு மகிழ்வர். கொடி பிடித்த சிறுவர் கூச்சலிட்டு ஓய்வர். மைதானத்தினுள்ளே நடுவர் ஊதும் குழலுக்கு இருபத்திரண்டு இளைஞரும் கட்டுப்பட்டு நிற்கின்றனர். அந்த ஒழுங்கைக் கண்டு கைதட்டும் நாமோ, மைதானத்திற்கு வரும் வீதியில் எவ்வொழுங்குக்கும் கட்டுப்படாதவராய் வந்து சேர்கின்றோம். அவ்வாறே திரும்பியும் செல்கின்றோம். யூபிலி ஆண்டிலே கல்லூரியின் பெருமைகளைப் பலரும் பேசுவர். யான் வீதியைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

கொட்டியாரப் பற்றைச் சேர்ந்த தோப்பூர், மூதூர், கிளிவெட்டி, சேனையூர் முதலிய ஊர்களிலிருந்து திருகோணமலை நகருக்கு வருதல் முற்காலத்தில் எத்தகைய காரியம் என்பதை மூத்தோர் அறிவர். நகரம் குடாவின் எதிர்க்கரையிலேதான் இருந்தது. ஆயின் தரைவழியே வர முயன்றால் மகாவலி கங்கையின் கிளைகளும் களப்புகளும் குறுக்கே கிடந்தன. இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என நான்கு இடங்களிற் ‘பாதை’ ஏறவேண்டும். பாதை என்றாற் பிற ஊரார் வழி என்று கொள்வர். எம் பகுதியாருக்கோ அது வண்டியையும் மனிதரையும் சுமந்து அக்கரை சேர்க்கும் மிதவை. மூதூரில் லோஞ்சு ஏறிக் குடாவைக் கடப்பது இன்னொரு வழி. அல்லை கடந்து கந்தளாய் வரை சுற்றி வருவது மூன்றாவது வழி. 1660 ஆம் ஆண்டிலே இதே கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, நாட்டை விட்டுத் தப்பிச் செல்ல 1679 வரை காத்திருக்க நேர்ந்தது. எம்மவரின் காத்திருப்பு அத்துணை நீண்டதன்று. எனினும் காத்திருக்கத் தெரியாதவன் அந்நாளிற் கொட்டியாரத்திலிருந்து ஆட்டம் காணச் செல்ல இயலாது.

அந்தப் பாதைகள் எம்மவர்க்கு மூன்று பழக்கங்களைக் கற்பித்தன. முதலாவது, நேரத்தோடு புறப்படுதல். மாலை ஆட்டத்திற்குக் காலையிலேயே வீட்டை விட்டு இறங்கவேண்டும். பிந்தியவனுக்காகப் பாதை காத்திராது. இரண்டாவது, கூடிச் செல்லுதல். மிதவை ஏற்றும் வண்டிகள் சிலவே ஆதலின், இருக்கும் வண்டியில் எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை பேரும் ஏறினர். மூன்றாவது, முறை காத்தல். முன் வந்தவன் முன் ஏறினான். பின் வந்தவன் தனவந்தனாயினும் பின்னரே ஏறினான். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பலகையில் அருகருகே இருந்து, எவன் நன்றாகப் பந்தடிப்பான், எவன் கோல் காப்பான் என்று வாதாடிக்கொண்டே அக்கரை சேர்ந்தனர்.

இதனால் அப்பழங்காலம் மீண்டும் வரவேண்டுமென யான் கூறுவதாக எவரும் கருதலாகாது. நீரைக் கடக்கும் பயணத்தின் அபாயத்தை இப்பகுதியார் நன்கறிவர். 2021 நவம்பர் 23 ஆம் நாளன்று கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியிலே, பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அத்துயரை அறிந்த எவரும் பாலத்தைப் பழிக்கமாட்டார். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 இல் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. அரை நாள் விழுங்கிய பயணம் இன்று ஒரு பிற்பகலின் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. இது பெரும் பேறு.

ஆயினும் பாதை போயிற்றேயன்றிக் காத்திருப்புப் போகவில்லை. அது துறையை விட்டு நகரத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டது. திருகோணமலை நகரம் ஒரு புறம் உட்துறைமுகமும் மறு புறம் திறந்த கடலும் நெருக்க, இடையேயுள்ள ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. கொட்டியாரத்திலிருந்து சீனக்குடா வழியே வருவோரும், கந்தளாயிலிருந்து வருவோரும், நிலாவெளிப் பக்கமிருந்து வருவோரும் அந்த ஒடுங்கிய நிலத்துட்டானே புகவேண்டும். கடலை நிரப்பி வீதியை அகலமாக்குவார் இலர். போட்டி நாளிலே, தொடக்கக் குழல் ஊதுவதற்குக் கால் மணி முன்னர், ஒவ்வொருவரும் தத்தம் வண்டியில் ஒரே சந்தியை நோக்கி விரைந்தால் என்ன நேரும் என்பதற்குப் பெருங்கணிதம் வேண்டா.

சிறு கணக்கொன்று போதும். தடையின்றி ஓடும் ஒரு வரிசைப் பாதையில் மணிக்கு ஏறக்குறைய 1,800 வண்டிகள் செல்லலாம் என்பர் போக்குவரத்துப் பொறியியலார். சந்தியிலே குறுக்கு வீதிக்கும் பாதி நேரம் விடவேண்டுமாதலின் அது 900 ஆகக் குறையும். ஆட்டம் முடிந்ததும் 600 வண்டிகள் ஒருங்கே புறப்படுகின்றன எனக் கொள்வோம். இறுதி வண்டி சந்தியைக் கடக்க 40 நிமிடம் செல்லும். அதே 600 வண்டிகள் 80 நிமிடத்திலே பரவிப் புறப்படின், சந்தியின் வலுவிற் பாதிதான் பயன்படும். எவரும் வரிசையில் நீண்டு நிற்கவேண்டியதில்லை. வீதி அதே வீதி, வண்டிகள் அவையே. வேறுபட்டது நேரம் ஒன்றே.

முட்டி மோதி முன்னேறுவதாற் பயனுண்டோ எனச் சிலர் கேட்கலாம். யப்பானிய ஆய்வாளர் சிலர் வட்டமான பாதையொன்றில் 22 மோட்டார் வண்டிகளை ஓட்டிப் பார்த்து, 2008 இல் முடிவை வெளியிட்டனர். பாதையின் சுற்றளவு 230 மீற்றர். அதிற் சந்தி இல்லை, தடை இல்லை, விபத்தும் இல்லை. ஒரே வேகத்தில் ஓட்டுமாறே சாரதிகள் பணிக்கப்பட்டனர். எனினும் சிறிது நேரத்தில், ஒருவர் வேகம் சற்றே தளர, பின்னவர் அதனினும் தளர, நெரிசல் தானாகவே தோன்றிப் பின்னோக்கி அலைபோல் நகர்ந்தது. இடைவெளி விடாது நெருக்கி ஓட்டுமிடத்து, காரணமே இல்லாமலும் வீதி அடைபடும் என்பது இதனாற் பெறப்படும். ஒலியெழுப்பி இடித்து நுழைபவர் தாமும் முந்துவதில்லை, பிறரையும் போகவிடுவதில்லை.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சாயின் இம்மலரில் இத்துணை இடம் கேட்டிரேன். மூதூர் வைத்தியசாலையிலிருந்து மேலதிக சிகிச்சைக்கென அனுப்பப்படும் நோயாளர் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு இதே வீதியாலேதான் கொண்டுவரப்படுகின்றனர். பேறுகால வேதனையுற்ற பெண்ணுக்கும், மாரடைப்புற்ற முதியவருக்கும், பாம்பு கடித்த கமக்காரனுக்கும் நிமிடம் என்பது உயிரின் அளவு. ஆட்டத்திலே காலொடிந்த மாணவனுக்கும் அவ்வாறே. நோயாளர் வண்டி ஒலியெழுப்பியபடி நிற்க, அதன் முன்னே கல்லூரிக் கொடி கட்டிய வண்டிகள் அசையாது கிடக்குமாயின், அக்கொடியின் மானம் என்னாகும்? வெற்றிக் கோல்கள் எத்தனை அடித்தும் அவ்விழுக்கை ஈடு செய்தல் இயலாது. வண்டிகளுக்கு இடையே புகுந்து வீதியைக் கடக்கும் சிறுவரின் நிலையும் அச்சத்திற்குரியதே.

பொலிசார் ஒழுங்கு செய்தால் என்ன, இது பழைய மாணவர் வேலையா, என்பது ஒரு தடை. பொலிசார் சந்தியில் நின்று கைகாட்டலாம். நாம் எந்நேரம் வீட்டிலிருந்து புறப்படவேண்டும் என்பதையோ, வண்டியில் எத்தனை பேர் ஏறவேண்டும் என்பதையோ அவர் தீர்மானித்தல் இயலாது. முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வருவோர்க்குச் சொந்த வண்டி இன்றியமையாதது என்பது மற்றொரு தடை. அது முற்றிலும் நேர்மையானது. அவர்கள் வாயில்வரை வரவேண்டுமென்பதற்காகவே, நடக்க வல்ல ஏனையோர் தொலைவில் இறங்கி நடக்கவேண்டும் என்கின்றேன். மைதானத்திலே பந்தின் பின் ஓடும் இளைஞரைக் காண வருபவர் அரை மைல் நடப்பதற்கு நாணவேண்டியதில்லை.

உலக அனுபவமும் இதனையே காட்டும். 1923 ஏப்ரில் 28 இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த முதலாவது கிண்ண இறுதியாட்டத்திற்கு முற்கூட்டியே சீட்டு வழங்கி ஆளெண்ணிக்கையை வரையறுக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. கணக்கில் வந்தோர் மட்டும் 126,047 பேர். மதிலேறிக் குதித்தோர் எத்துணையோ பேர். கூட்டம் ஆடுகளத்தையே மூடிவிட, குதிரைப் பொலிசார் அதனை விலக்கி ஆட்டத்தைத் தொடங்க முக்கால் மணிநேரம் பிந்தியது. அதன் பின்னரே இறுதியாட்டத்திற்கு முன்கூட்டிச் சீட்டு வழங்கும் முறை வந்தது. இன்னோர் உதாரணம் அமெரிக்காவிலுள்ள ஆன் ஆபர் என்னும் நகரம். அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கு 1927 இல் திறக்கப்பட்டது. இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்கது. காலால் உதைப்பதிலும் கையிலேந்தி ஓடுவதே மிகுதியான அவர்களுடைய உதைபந்தாட்டத்தைக் காணப் பலர் பல மணிநேரம் முன்னரே வந்து, வண்டியின் பின்புறத்தைத் திறந்து வைத்துச் சமைத்து, உண்டு, நண்பரோடு அளவளாவுவர். நேரத்தோடு வருதலை அவர்கள் விருந்தாக்கிக்கொண்டனர். எம்மவர் முன்னொரு காலத்தில் கிண்ணியாத் துறையில் கட்டுச்சோறு அவிழ்த்ததும் இதுவே.

ஆகவே எமது பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன். யூபிலி ஆட்ட நாளன்று தோப்பூர், மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களிலிருந்து பஸ் வண்டிகளை வாடகைக்கு அமர்த்துக. இருவர் இருவராய் வரின் ஐம்பது பேருக்கு இருபத்தைந்து கார்கள் வேண்டும். வரிசையில் நிறுத்தினால் அவை நூற்றைம்பது மீற்றரை அடைக்கும். ஒரு பஸ் அடைப்பது பதினொரு மீற்றர் மட்டுமே. இரண்டாவதாக, நகரின் நெருக்கத்திற்கு வெளியே வண்டி நிறுத்த இடம் குறித்து, அங்கிருந்து நடந்து வரும் வழியில் சாரணரை நிறுத்துக. மூன்றாவதாக, மைதான வாயிலிலிருந்து பிரதான வீதி வரை ஒரு பக்கத்தை நோயாளர் வண்டிக்கென வெறுமையாய் விடுக. தலைவர், செயலாளர், விருந்தினர் எவராயினும் அங்கே வண்டி நிறுத்தாதிருக்கட்டும். நான்காவதாக, பழைய மாணவர் காட்சியாட்டத்தையும் தேநீர் விருந்தையும் இரண்டாகப் பிரித்து, முன்னதைப் பிரதான ஆட்டத்திற்கு முன்னரும் பின்னதை அதன் பின்னரும் வைத்துக்கொள்க. வருவோரும் போவோரும் தாமே பரவி விடுவர்.

இவற்றுள் முதலாவது வேண்டுகோளையே யான் பெரிதும் வற்புறுத்துவேன். நெரிசலைத் தவிர்த்தல் அதன் ஒரு பயன் மட்டுமே. கொட்டியாரத்து வயலோர ஊர்களிலே மோட்டார் வண்டி இல்லாத வீடுகள் பல. அவ்வீடுகளிலிருந்தும் மாணவர் எமது கல்லூரியில் கற்றனர், இனியும் கற்பர். அவர்களுடைய தந்தையர் தம் மகன் ஆடும் ஆட்டத்தைக் காண வழியின்றிப் பின்னர் கேட்டறியும் நிலை ஒழியவேண்டும். பாதைக் காலத்திலே வண்டியுடையவனும் இல்லாதவனும் ஒரே மிதவையில் வந்தனர். பாலம் வந்த பின் வண்டியுடையவன் மட்டும் விரைந்து வருவானாயின், பாலத்தாற் கல்லூரிக் குடும்பம் சிறுத்துப்போயிற்று என்றே கூறவேண்டும்.

மாணவர்களே, உங்கள் தந்தையரிடமும் தமையன்மாரிடமும் இதனை எடுத்துரையுங்கள். பழைய மாணவர்களே, வரும் ஆட்டத்திற்கு ஒரு மணிநேரம் முன்னதாகப் புறப்படுங்கள். வெறுமையான இருக்கையில் அயலவர் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். தொலைவில் இறங்கி நடந்து வாருங்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்றவரோடும் வென்றவரோடும் கைகுலுக்கி ஆறுதலாய்ப் புறப்படுங்கள். எமது கல்லூரி ஆடுமிடத்து வீதியும் ஒழுங்காயிருக்கும் என்னும் நற்பெயரை இவ்வூரார் எமக்கு வழங்குவாராயின், அது யூபிலி ஆண்டின் சிறந்த வெற்றிகளுள் ஒன்றாக எண்ணப்படும்.