சென்னைக் கான்வென்ட்டும் ஒரு சிபாரிசுக் கடிதமும்



பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால் பனமலை, செஞ்சி வட்டாரப் பங்கு இல்லங்களில் இரண்டு தாள்களைக் கேட்டு வருவோர் பெருகிவிடுவர். ஒன்று, மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ். மற்றொன்று, சென்னையில் பெயர் பெற்ற கன்னியர் பள்ளியின் தலைமைச் சகோதரிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். மணிலா விற்ற பணத்தைக் கட்டணத்திற்கென முடிந்து வைத்துக்கொண்டு, இடம் கிடைத்தால் போதும் என்று நிற்கும் பெற்றோரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. மகனுக்கு மட்டுமே செலவிட்ட காலம் போய், மகளுக்காகவும் நிலத்தை அடகு வைக்கத் துணிகின்றனர். நம் தலைமுறை கண்ட நல்ல மாறுதல்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் கடிதம் எழுதுமுன் சிலவற்றைப் பேசியாக வேண்டும்.

அவர்கள் பெரும்பாலும் முதலிற் கூறும் பெயர் சர்ச் பார்க். அண்ணா சாலையிலுள்ள அந்தத் திரு இருதயப் பள்ளி 1909-இல் பிரசன்டேஷன் கன்னியரால் தொடங்கப்பட்டது. அக்கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தது 1842-இல். அவர்களது சபையை நிறுவிய நானோ நேகிள் அம்மையாரோ, கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே குற்றமாயிருந்த 18-ஆம் நூற்றாண்டில், கார்க் நகரத்துச் சந்துகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மறைவாக எழுத்தறிவித்தவர். ஏழைகளுக்கெனப் பிறந்த சபையின் பள்ளியில் இடம் பெற இன்று சிபாரிசு தேடுகிறோம்! நல்ல பள்ளிக்குக் கூட்டம் சேர்வது இயல்பே. இடம் சில, விண்ணப்பம் பல என்றானபின் தேர்ந்தெடுப்பதும் தவிர்க்க இயலாததாகிறது.

அங்கே கிடைப்பது என்ன? பாடநூல் வேறு என்று எண்ணுவோர் இன்னும் உளர். மெட்ரிகுலேஷன் பாடத்திட்டம் தனியாக இருந்தது பழங்கதை. சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2011-இல் பத்தாம் வகுப்பு வரை நடைமுறையாயிற்று. அதன்பின் சென்னை மெட்ரிகுலேஷன் பள்ளி மாணவியும் செஞ்சி அரசுப் பள்ளி மாணவியும் ஒரே பாடத்தைப் படித்து ஒரே பொதுத்தேர்வு எழுதலாயினர். வேறுபாடு இல்லை என்று நாம் சொல்லவில்லை. தயக்கமின்றிப் பேசும் ஆங்கிலம், நூலகம், மேடை, தன்னைப் போலவே முயலும் தோழியர் ஆகிய இவையெல்லாம் மெய்யான செல்வங்களே. அவற்றிற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

விலையில் ஒரு பகுதி பலருக்குத் தெரிவதேயில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிற்கும் விரிந்தது. அவ்வாறு பயின்ற மாணவியர் உயர்கல்வி பயிலுகையில் மாதம் 1,000 ரூபாய் பெறப் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வகைசெய்தது. மகளை மருத்துவராக்க வேண்டுமென்றே ஆறாம் வகுப்பில் ஊரைவிட்டு அழைத்துச் செல்லும் தந்தை, அதே ஆசைக்குத் துணைநிற்கும் சலுகையைத் தம் கையாலேயே விட்டுவிடுகிறார். தெரிந்து விடுவாராயின் நன்று. தெரியாமல் விடுவதுதான் வருத்தம்.

மற்றொரு பகுதியே பெரிது. இப்பள்ளிகளைப் பகற்பள்ளிகளாகவே நாடுகின்றனர். மாலை மணி அடித்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடும். மீதியை வீடு செய்ய வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சென்னையில் வீடு ஏது? சித்தி வீடு, பெரியப்பா வீடு, சில வேளைகளில் ஊர்க்காரர் ஒருவர் வீடு. இரண்டு அறை வாடகை வீட்டில் மூன்றாவது பிள்ளையாக அவள் போய்ச் சேருகிறாள். சித்தி நல்லவரே. எனினும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவளும், விருந்தினர் வந்தால் புத்தகத்தை மூடிவைத்து எழுபவளும் அவளே. பேருந்தில் எவனேனும் தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்லுவாள்? உடம்பிற்கு முடியாத நாட்களில் யார் மடியில் படுப்பாள்? சொன்னால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவர் என்றஞ்சி வாய்மூடி இருக்கும் பிள்ளைகள் உண்டு. மதிப்பெண் பட்டியலில் இவை தெரிவதில்லை. தாயும் உடன் குடிபெயர்ந்தால் இத்துயர் நீங்கும். ஆனால் தந்தை ஊரிலும் தாய் நகரிலுமாகக் குடும்பம் ஏழாண்டு பிரிந்திருக்கும். அதனைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியா முடிவு செய்தனர் என்று நாம் கேட்பதுண்டு.

மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் சர்ச் பார்க்கில் பயின்று 1964-இல் மெட்ரிகுலேஷன் தேறியதை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உளர். அவருடைய வீடு சென்னையிலேயே இருந்ததை அவர்கள் நினைப்பதில்லை.

கன்னியர் பள்ளிகளை நடத்துவோர்க்கும் ஒரு சொல். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாதென உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது தகும். எனினும் தாய்தந்தையரின் ஆங்கிலத்தை அளந்து மகளுக்கு இடம் தருவதற்காகவா அவ்வுரிமை? பெண் எழுத்தறிதல் இழிவென்று கருதப்பட்ட நாளில், 1844-இல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்றே மரியன்னையின் மாசற்ற இருதயச் சபையை நிறுவினார். அந்நாளில் முதலில் வந்த சிறுமியரின் தாய்மாருள் எத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருக்கும்?

ஆதலின் நாம் கடிதம் எழுத மறுப்பதில்லை; யாருக்கு முதலில் என்பதில் ஒரு முறை வைத்துள்ளோம். கட்டட வேலைக்கும் காவற்பணிக்கும் சென்னை சென்று குடும்பத்தோடு அங்கேயே வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு முதலிடம். அவர்களும் பெயரைப் பாராது, நடந்தோ ஒரே பேருந்திலோ போய்வரக்கூடிய பள்ளியையே பார்க்கட்டும். கட்டண நிர்ணயக் குழு அப்பள்ளிக்கு வரையறுத்த தொகை எவ்வளவு என்று கேட்டறியட்டும். அதற்குமேல் நன்கொடை என்று கேட்டால், அதனைத் தடுக்கும் சட்டம் 1992 முதல் நம் மாநிலத்தில் உண்டு.

ஊரிலிருந்து அனுப்ப விரும்புவோர் கடிதம் கேட்டு வரும்போது மகளையும் உடன் அழைத்து வருக. தங்கப்போகும் வீட்டாரைப் பற்றி அவளிடமே தனியாகச் சில கேள்விகள் கேட்டபின் எழுதித் தருவோம்.