பிள்ளைகளுக்காக ஒரு படகு

1914இல் அமெரிக்காவின் பஸார்ட்ஸ் விரிகுடாக் கரையில் கோடை வீடு வைத்திருந்த படகுப் பிரியர்கள் சிலர், படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃபிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் பாய் விரித்து ஓட்டப் பழக ஒரு சிறு படகு வேண்டும். அவருக்கு அப்போது 66 வயது. 1893 முதல் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் பந்தயப் பரிசைக் காத்து நின்ற படகுகளெல்லாம் அவர் வரைந்தவை. அவற்றில் ஒன்றான ரிலையன்ஸ், நுனிக்கு நுனி 200 அடி. அப்படிப்பட்டவர், பிள்ளைகளின் படகுக்கும் தன் கையாலேயே மரத்தில் மாதிரி செதுக்கினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த விரிகுடாவில் கோடைப் பிற்பகல்களில் தென்மேற்குக் காற்று நீளவாக்கில் ஓடிவரும். வற்று நீரோட்டம் அதற்கு எதிரே பாயும்போது அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும். பெரியவர்களே தடுமாறும் தண்ணீர். அதற்கு அவர் தந்த விடை, 16 அடிக்குச் சற்றுக் குறைந்த ஒரு படகு. நீரைத் தொடும் நீளம் 12½ அடி. அந்த அளவே அதற்குப் பெயராகவும் நிலைத்தது. மொத்த எடை சுமார் 680 கிலோ. அதில் ஏறக்குறைய பாதி, 330 கிலோ, அடிக்கட்டையில் வைத்த ஈயம்.

அந்த ஈயத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். சாயச்சாய ஈயம் பக்கவாட்டில் தள்ளிப்போய், படகை நிமிர்த்தும் விசையைக் கூட்டும். பாயோ சாய்ந்தபடியால் காற்றை நழுவவிடும். பிள்ளை பயந்து சுக்கானை விட்டுவிட்டாலும் படகு பெரும்பாலும் தானே காற்றின் பக்கம் திரும்பி நிற்கும். நீருக்குள் இறங்கிய கட்டை, பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படாமலும் தடுக்கும்.

நம் கரையோர மக்கள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தவர்கள். நீர்கொழும்பின் பாய் வள்ளத்தில் ஈயம் இல்லை. ஒரு பக்கம் கட்டிய மிதவை மரமே வள்ளத்தைத் தாங்கும். அந்த மரம் எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும் என்பதால், திசை மாற்றும்போது முன்முனை பின்முனையாகிவிடும். ஆழத்துக்குப் பதில் அகலம். ஹெரஷாஃபும் இளவயதில் அகலத்தை முயன்றவர்தான். 1876இல் அவர் ஓட்டிய இரட்டை உடல் படகு அமரிலிஸ், நியூயோர்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. இது படகே அல்ல என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த வகையையே ஒதுக்கிவிட்டார்கள்.

12½ படகைத் தலைகீழாக வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் தனி அச்சு. அதனால் எல்லாப் படகுகளும் ஒன்றுபோல வந்தன. பந்தயத்தில் பணக்காரப் பிள்ளைக்கு வேகமான படகு என்ற பேச்சுக்கு இடமில்லை. 1943 வரை ஹெரஷாஃப் பட்டறையில் 350க்கு மேல் கட்டினார்கள். அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அக்கறை இங்கே இல்லை. மஸ்கெலியாவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருவது எதுவாயினும், 'இவர்களுக்கு இது போதும்' என்ற கணக்கில்தான் வருகிறது. லயத்துக் காம்பராவும் அப்படி, பாடசாலைத் தளபாடமும் அப்படி. கண்முன்னே மவுசாகலை நீர்த்தேக்கம் கிடக்கிறது. கிட்டப் போகாதே என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். அதில் நியாயம் உண்டு. 1969இல் அணை எழுந்தபோது பழைய நகரமும் கோயிலும் அதற்குள் மூழ்கின. வறட்சியில் நீர் இறங்கினால் இடிந்த சுவர்கள் வெளியே தெரியும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அது ஆபத்தான தண்ணீர்தான்.

ஆனால் பயத்தை மட்டும் கொடுத்தால் போதுமா? ஹெரஷாஃபின் படகுக்கு 2½ அடி ஆழம் வேண்டும். அந்தச் சுவர்களுக்கு மேலே அது கொஞ்சம் அதிகம். ஜோயல் வைட் என்ற வடிவமைப்பாளர் பின்னாளில் அதே உருவில், ஈயத்தோடு ஏற்றி இறக்கும் பலகையும் வைத்து வரைந்த ஹேவன் 12½, பலகையை ஏற்றினால் 1½ அடியிலேயே மிதக்கும். இங்கு அதுவே பொருந்தும். பெருமழைக் காற்று அடங்கி, நீர் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் பழகலாம். முதலில் நீச்சல், பிறகு உயிர்காப்பு அங்கி, அதன் பிறகு பாய். நீர்த்தேக்கத்தை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி கேட்டு, இரண்டு படகோடு தொடங்கினாலே போதும். கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும் பாடசாலைகளும்தான். அவர்கள் எழுதும் கடிதத்தில் முதல் கையொப்பம் இட நான் தயார்.